நெடுவழி மோட்டார் சைக்கிளும் அதன் காவலும்

முகவுரை

தமிழ்நூலார் புறப்பொருளை வகுக்குமிடத்து, பகைவர் ஆநிரையைக் கவர்தலை வெட்சி என்றும், கவரப்பட்டதை மீட்டலைக் கரந்தை என்றும் வழங்கினர். தொல்காப்பியனார் மீட்டலையும் வெட்சியுள்ளேயே அடக்கினாராக, புறப்பொருள் வெண்பாமாலையுடையார் அதனைத் தனித்திணையாக்கினர். மாடு என்னுஞ் சொல்லே செல்வத்துக்குப் பெயராய் நின்ற காலம் அது. ஆநிரையின் பொருட்டுப் பொருது மாண்ட மறவர்க்குக் கல் நட்டுப் போற்றினர். 2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களுள் ஒன்றில், ஆநிரை கொள்ளுதலைக் குறிக்கும் ஆகோள் என்னுஞ் சொல் தமிழ்பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்கின்றோம்.

இஞ்ஞான்று நம்மிற் பலர்க்கு ஆநிரையில்லை. ஆயினும், விடுமுறை வந்தவுடன் இரண்டு பைகளை இறுகக் கட்டிக்கொண்டு தனுஷ்கோடிக்கோ கொடைக்கானலுக்கோ புறப்படும் மாணவர்க்கு அவர்தம் மோட்டார் சைக்கிளே ஆநிரை எனலாம். தந்தையார் மாதந்தோறும் தவணை கட்டிய பொருள் அது. தாயார் அரைமனத்தோடு விடைகொடுத்து அனுப்பிய பொருளும் அதுவே. கரந்தை மறவர் இழந்ததை வாளாண்மையால் மீட்டனர். நமக்கோ அவ்வாண்மையுமில்லை; அதற்கு உரிமையுமில்லை. ஆகலின் இழவாமற் காத்தலே நமக்குரிய கரந்தையாகும். நெடுவழி செல்வோர் வண்டியை நிறுத்துமிடத்து அதனையும் அதன் மேலுள்ள பொருள்களையும் காக்குமாறு எங்ஙனம் என்பதனை, யாம் கற்றதும் பட்டதும் கொண்டு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

1. கள்வர் மூவகையினர்

நோயின் வகையறியாது மருந்து கொடுத்தல் கூடாது. அதுபோல், களவின் வகையறியாது பூட்டு வாங்குதலும் பயனற்றது. நெடுவழி வண்டிக்குப் பகைவர் மூவகையினர்.

முதல்வகையினர் வண்டியை ஓட்டிச் செல்வோர். இவர் கைப்பிடிப் பூட்டைக் காலால் உதைத்தோ, உடல் வலிமையால் முறுக்கியோ உடைப்பர். பின்பு சாவித்துளைக்குச் செல்லுங் கம்பிகளை இணைத்து இயந்திரத்தை இயக்குவர். வண்டியை இயக்கவியலாதாயின் தெருக்கோடி வரையில் தள்ளிச் சென்று, அங்கே காத்திருக்கும் கூட்டாளியிடம் சேர்ப்பதும் உண்டு.

இரண்டாம் வகையினர் வண்டியைத் தூக்கிச் செல்வோர். இவர்க்குச் சாவியும் வேண்டா, கம்பியும் வேண்டா. நால்வர் கூடி ஒரு சிறு லாரியில் ஏற்றிவிட்டாற் போதும். எத்துணைப் பெரிய வண்டியாயினும் நால்வர் தோளுக்கு அது பெருஞ்சுமையன்று.

மூன்றாம் வகையினர் வண்டியை விரும்பாதவர். பை, தலைக்கவசம், மழைக்கோட்டு, பெட்ரோல் முதலியனவே இவர்தம் இலக்கு. இவர்க்கு வேண்டுங் கருவி ஒரு சவரக்கத்தியே. வேண்டுங் காலம் நாம் ஒரு தேநீர் பருகுங் காலமே. ஊர்விட்டு ஊர் செல்வோனை மிகுதியும் வருத்துவார் இவரே. எனினும் நாம் பூட்டு வாங்குங்கால் முதலிருவரை மட்டும் எண்ணி மூன்றாமவரை மறந்து விடுகின்றோம். யாம் மறந்ததன் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

2. இடம்

பூட்டுக்கு முன் எண்ணத்தக்கது இடம். கள்வன் வேண்டுவன மூன்று: இருள், தனிமை, காலம். இம்மூன்றுள் ஒன்றையேனும் அவனுக்கு மறுக்கும் இடமே நல்லிடம். விளக்கின் கீழும், கண்காணிப்புக் காமிராவின் பார்வையிலும், மக்கள் நடமாட்டமுள்ள வாயிலருகிலும் நிறுத்துக. தங்கும் விடுதியைத் தேருங்கால் அறையின் அழகை மட்டும் வினவாது, வண்டி நிறுத்த மதிலும் கதவும் உள்ள முற்றம் உண்டோ, இரவில் கதவை அடைப்பாருண்டோ என முன்னரே வினவுதல் வேண்டும். சீட்டுக் கொடுத்து வண்டியைப் பெற்றுக்கொள்ளும் ஸ்டாண்டுகள் புகைவண்டி நிலையங்களிலும் கோயிலூர்களிலும் உள்ளன. அங்கே கொடுக்கும் சிறுதொகை வீண்செலவன்று. ஆனால் அச்சீட்டை வண்டியிலேயே செருகிவிட்டுப் போதல், வீட்டுச் சாவியை வாயிற்படியில் வைத்துப் போதலை ஒக்கும்.

நெடுவழியில் இடர் மிக்க இடங்கள் இரவு விடுதிகள் மட்டுமல்ல. இடைவழித் தங்கல்களும் அவையே. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குச் செல்வோர் வரிசையில் நின்று படகேறி மீள்வதற்குள் சில மணி நேரங் கழியும். கடல் நடுவே நிற்கும் நாம் கரையிலுள்ள வண்டிக்கு யாது செய்ய வல்லோம்? குற்றாலத்தில் அருவியாடுவோன் சாவியைக் களைந்த ஆடையோடு கரையில் வைப்பனேல், கள்வனுக்குப் பூட்டுடைக்கும் வருத்தமும் இல்லை. கூட்டமாய்ச் செல்வோர் முறை வைத்து ஒருவரைக் கரையில் நிறுத்துக. தனியே செல்வோன் சாவியைக் கயிற்றிற் கோத்துக் கழுத்திலணிந்து செல்க.

இனி, வழியிற் காணும் மனிதரெல்லாரையும் கள்வரென ஐயுறுதல் தகாது. நெடுவழி வண்டி எங்கு நின்றாலும் நான்கு பேர் சூழ்ந்து, என்ன விலை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், எந்த ஊர் என வினவுவது நம் நாட்டு வழக்கம். அவருட் பெரும்பாலார் அன்புடையாரே. எங்கே இரவு தங்குகின்றோம் என்பதொன்றை மட்டும் சொல்லாது, ஏனையவற்றை இன்முகத்தோடு சொல்லலாம். அன்றியும், தேநீர்க் கடைக்காரரிடம், “அண்ணாச்சி, வண்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு சொற் சொல்லிச் செல்வோமாயின், அவர் கண்ணும் அவர் கடைக்கு வருவார் கண்ணும் நமக்குக் காவலாகும். இதனினும் விலை குறைந்த காவல் பிறிதில்லை.

3. பூட்டு

பூட்டு களவை அறவே தடுக்கும் என நினைப்பது பெரும்பிழை. உலகில் அறுக்கவியலாப் பூட்டு இல்லை. பூட்டின் தொழில் கள்வனது காலத்தை நீட்டுதலேயாம். ஒரு நிமிடத்தில் முடிவதைப் பத்து நிமிடமாக்கினால், இடையிலே யாரேனும் வருவர். அல்லது கள்வன் அஞ்சி அகல்வன். ஆதலின் ஒரே பெரிய பூட்டினும், வெவ்வேறு கருவி வேண்டும் இரு பூட்டுகள் சிறந்தன. இனி அவற்றைத் தனித்தனி ஆராய்வோம்.

கைப்பிடிப் பூட்டு எல்லா வண்டியிலும் உள்ளது. அதனைப் போடாதிருப்பது மடமை. அதனை மட்டும் நம்புவதும் மடமையே.

டிஸ்க் பூட்டு சக்கரத்தின் பிரேக்குத் தட்டிலுள்ள துளையில் ஓர் இரும்பு முளையைச் செலுத்துவது. உள்ளங்கையில் அடங்குஞ் சிறுமையது, பயணத்துக்கு ஏற்றது. இது தள்ளிச் செல்வோனைத் தடுக்கும். தூக்கிச் செல்வோனைத் தடாது. சிலவற்றில் அசைத்தவுடன் ஓலமிடும் அலாரமும் உண்டு. இப்பூட்டின் முதற்பகை கள்வனல்லன், உரியவனது மறதியே. பூட்டிருப்பதை மறந்து காலையில் வண்டியைக் கிளப்பின் சக்கரம் இறுகி வண்டி வீழும், பிரேக்கும் சேதமுறும். அதனாலன்றோ பூட்டிலிருந்து கைப்பிடி வரையில் மாட்டும் நிறமிக்க சுருட்கம்பியொன்றை உடன் விற்கின்றனர். அதனை வேண்டாவென ஒதுக்கற்க.

சங்கிலியே தூக்கிச் செல்வோனுக்கு மாற்று. ஆனால் வண்டியை எதனோடும் பிணியாது தன்னோடு தானே பிணித்த சங்கிலி, டிஸ்க் பூட்டினும் பெரிதாய் ஒன்றுஞ் செய்யாது. நிலத்தில் ஊன்றிய இரும்புத் தூணோடோ, சுவரிற் பதித்த வளையத்தோடோ பிணித்தல் வேண்டும். தூண் அசைகின்றதா, அதன் தலைவழியே சங்கிலியைக் கழற்றிவிடக் கூடுமா என முதலில் நோக்குக. முன்சக்கரத்தில் மட்டும் கோத்தால் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சியதைக் கொண்டு போவர். ஆகவே வண்டியின் சட்டத்தின் வழியாகவோ, இயலாதாயின் பின்சக்கரத்தின் வழியாகவோ கோக்க. சங்கிலி தரையிற் கிடத்தலாகாது. தரையிற் கிடப்பின், வெட்டுங் கருவியின் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறுகையின்மேல் உடற்பாரம் முழுதும் ஏற்றி அழுத்தக் கள்வனுக்கு வாய்ப்பாகும். சம்மட்டிக்கும் தரையே பட்டடையாகும். சங்கிலி தளர்வின்றி உயர நிற்கவும், பூட்டின் துளை கீழ்நோக்கவும் அமைக்க.

சங்கிலியின் வலிமை அதன் கண்ணியின் கனத்திலும் உருக்கின் பதத்திலும் உள்ளது. கடைத்தெருவில் விற்கும் மெல்லிய கம்பிவடம் சிறு கத்தரிக்கே இரையாகும். பதப்படுத்திய உருக்காலாகிய 13 மில்லிமீட்டர்க் கண்ணி சிறுவெட்டிகளுக்கு அடங்காது; 16 மில்லிமீட்டரும் அதற்கு மேலுமாயின் கையால் இயக்கும் பெருவெட்டிகளும் தோற்கும். மின்கலத்தால் இயங்கும் ஆங்கிள் கிரைண்டர் என்னும் அறுக்கும் பொறியோ இவற்றையும் அறுக்கும். எனினும் அதன் பேரிரைச்சலும் தீப்பொறியும் ஊரையே எழுப்பும். பூட்டுகளைச் சோதித்து வெண்கலம், வெள்ளி, பொன், வைரம் எனத் தரமிடும் ஸோல்ட் ஸெக்யூர் என்னும் அமைப்பு இங்கிலாந்தில் 1992-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அத்தகைய தரக்குறியுடையதை வாங்குதல் நன்று. ஆயினும் கனத்த சங்கிலி மீட்டருக்கு மூன்று நான்கு கிலோ நிற்கும். அதனை உடம்பிற் சுற்றிக்கொண்டு ஓட்டற்க. வீழ்ந்தால் எலும்பை முறிக்கும். பக்கப்பெட்டியின் அடியில் வைக்க. இருவர் இரு வண்டியிற் சென்றால் ஒரு சங்கிலியே போதும்: தூண் இல்லாத இடத்தில் இரு வண்டிகளின் சட்டங்களையும் ஒன்றோடொன்று பிணித்துவிடின், ஒன்றைத் தூக்குவோன் இரண்டையும் தூக்க வேண்டும்.

ஜி.பி.எஸ். கருவி வண்டி நிற்கும் இடத்தைக் கைப்பேசிக்கு அறிவிப்பது. இது காவலன்று, ஒற்றன். கைப்பேசி அலை எட்டாத மலைவழிகளிலும், மின்கலம் தீர்ந்தவிடத்தும் ஒற்றன் ஊமையாவான். அது காட்டும் இடத்துக்கு நாமே ஓடிக் கள்வரோடு பொருதல் கூடாது. இடத்தைக் காவல் நிலையத்தாரிடம் காட்டி அவரோடு செல்க. கரந்தைப் போர் ஏட்டிற் படிக்க இனிது. இருட்டுச் சந்தில் அது இனிதன்று.

இவற்றோடு விலையில்லாக் காவல் இரண்டுண்டு. இரவில் வண்டியின் முதன்மை பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், கம்பியை இணைப்போன் வீணே வியர்ப்பான். வண்டிமேல் மங்கிய உறையொன்றைப் போர்த்துவிட்டால், உள்ளே இருப்பது புதியதோ பழையதோ என அறியமாட்டாது பலர் கடந்து செல்வர்.

4. மூட்டை

பூட்டுள்ள அலுமினியப் பெட்டி வலியது. விலையும் பாரமும் மிக்கது. துணிப்பை மலிவும் இலேசுமாம். ஆனால் கத்திக்கு எளியது. துணிப்பையுடையார் அதன்மேற் போர்த்துப் பூட்டும் கம்பிவலையைப் பயன்கொள்ளலாம். ரப்பர்க் கயிறும் கொக்கியும் பையை வண்டியோடு பிணிக்குமேயன்றிக் கள்வனிடமிருந்து காவா. தலைக்கவசத்தைக் கண்ணாடிமேற் கவிழ்த்துச் செல்வதும், தாடைவாரை மட்டும் கொக்கியில் மாட்டுவதும் பயனில. வாரை அறுத்தெடுத்தல் நொடிப்பொழுதின் வேலை. கம்பிவடமொன்றைத் தலைக்கவசத்தின் முகப்புக்குள்ளும், மேலங்கியின் கைகளுக்குள்ளும் செலுத்தி வண்டிச் சட்டத்தோடு பூட்டுக.

ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. முதலியவற்றின் மூலப்பிரதிகளைப் பையிலிட்டுச் செல்ல வேண்டுவதில்லை. டிஜிலாக்கர் வழியாகக் கைப்பேசியிற் காட்டுவதைச் சட்டம் 2018-ஆம் ஆண்டு முதல் ஏற்கின்றது. பணம், கைப்பேசி, மருந்து ஆகியவை உடம்போடிருக்கும் சிறுபையில் அடங்குக.

5. யாம் இழந்தது

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பர் ஒருவரும் யாமும் இரு வண்டிகளிற் கடற்கரைவழியே தெற்கு நோக்கிச் சென்றோம். மூன்றாம் நாள் இரவு ஒரு விடுதியை அடைந்தபொழுது மணி பத்து. மழை தூறிற்று, உடல் சோர்ந்திருந்தது. ஆயினும் மேலே எழுதியவற்றுட் பலவற்றைத் தவறாது செய்தோம். கைப்பிடியைப் பூட்டினோம்; டிஸ்க் பூட்டை மாட்டினோம்; இரு வண்டியையும் முற்றத்துத் தூணோடு சங்கிலியாற் பிணித்தோம். பெரிய பைகளை அறைக்குக் கொண்டு சென்றோம். பின்னிருக்கையிற் கட்டிய சிறுபையில் ஈரத்துணியும் பழஞ்செருப்புமே இருந்தன என எண்ணி, அதனை ரப்பர்க் கயிற்றோடு விட்டு வந்தோம்.

விடியலிற் பார்த்தபொழுது வண்டிகள் இரண்டும் நின்றன. சங்கிலியில் ஒரு கீறலுமில்லை. கயிறு மட்டும் அறுந்து தொங்கிற்று.

அப்பையின் பக்கவறையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எம் பாட்டியார் பாடிய தாலாட்டுகளும் ஒப்பாரிகளுமாக நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்களை, ஈராண்டு விடுமுறைகளில் அவர் திண்ணையில் அமர்ந்து அதில் எழுதியிருந்தோம். ஆனர்ஸ் வகுப்பில் நாட்டுப்பாடல் பற்றிக் கட்டுரை எழுதும் எண்ணத்தோடு, வழிநெடுகப் படித்துப் பார்க்கக் கொண்டு சென்றோம். பாட்டியார் அவ்வாண்டு ஆடி மாதத்திலேயே காலமாயினர். படியெடுத்து வைத்தோமில்லை.

காவல் நிலையத்தில் ஏட்டையா பொறுமையோடு கேட்டு எழுதிக்கொண்டார். பை, செருப்பு, துணி என ஒவ்வொன்றுக்கும் விலை குறித்து வந்தவர், “நோட்டு என்ன விலை, தம்பி?” என்றார். யாம் சிறிது நேரம் வாய்வாளாது நின்றோம். பின்பு, “நாற்பது ரூபாய், ஐயா” என்றோம். அவர் நாற்பது என்றே எழுதினார். அவர்மீது பிழையில்லை, விடுதிக்காரர்மீதும் பிழையில்லை. விலைமிக்க வண்டிக்கு மூன்று பூட்டும், விலையற்ற ஏட்டுக்கு ஒரு ரப்பர்க் கயிறும் இட்ட எம்மீதே பிழை.

6. இழந்தபின் செய்வன

இராஜஸ்தானத்தில் பாலி நகரின் பக்கத்தே, ஓம் பன்னா கோயில் என்னும் இடத்தில் ஒரு புல்லட் வண்டியை வைத்து வழிபடுகின்றனர். விபத்தில் மாண்ட இளைஞனது வண்டியைப் போலீஸார் கொண்டுபோய்ப் பெட்ரோலை வடித்துச் சங்கிலியிட்டும், அது மறுநாள் தானே விபத்து நேர்ந்த இடத்துக்கு மீண்டது என்பது அங்கு வழங்குங் கதை. அங்ஙனம் தானே மீளும் வண்டி நமக்கு வாய்ப்பதரிது. ஆகலின் இழந்தவுடன் செய்யத்தக்கன அறிதல் வேண்டும்.

முதலாவது, 112 என்னும் எண்ணுக்கு அழைக்க. பின்பு காவல் நிலையத்தில் எழுத்து மூலம் முறையிடுக. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, களவு எவ்வெல்லையில் நிகழ்ந்ததாயினும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். வேற்றூரிற் பொருளிழந்து, ஊர் மீண்டபின் அறிவோனுக்கு இஃது உதவும். பதிவெண், இயந்திர எண், சட்ட எண், வண்டியின் நிழற்படம் ஆகியவற்றைப் புறப்படுமுன்னரே குறித்து வைத்திருத்தல் நன்று.

இரண்டாவது, காப்பீடு. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு மூன்றாமவர் காப்பீடு கட்டாயமாயிற்று. அதனைக் கண்டு, வண்டி களவுபோனாலும் ஐந்தாண்டும் அச்சமில்லை எனப் பலர் மயங்குகின்றனர். மூன்றாமவர் காப்பீடு களவுக்குப் பொருள் தராது. நம் வண்டியின் சேதத்துக்கும் களவுக்குமான பகுதி ஓராண்டிற் கழிவதுண்டு. அதனை ஆண்டுதோறும் புதுப்பித்தல் நம் கடன். களவுபோயின் நிறுவனத்தார் இரண்டு சாவிகளையும் கேட்பர். சாவியை வண்டியிலேயே விட்டவனது முறையீடு தள்ளுண்ணவுங் கூடும். வண்டிக் காப்பீடு பைக்குள் உள்ள பொருளைக் காவாது என்பதும் நினைவிலிருக்க.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றைத் தொகுத்துரைப்பின், இடத்தை முதலில் தேர்க, இரு பூட்டேனும் இடுக, சங்கிலியை அசையாத பொருளோடு பிணிக்க, சாவியை உடம்போடு வைக்க, கண்காணிக்க ஒருவரை வேண்டுக, எண்களையும் படங்களையும் குறித்து வைக்க, காப்பீட்டைப் புதுப்பிக்க. இவையெல்லாம் மீட்டும் வாங்கத்தக்க பொருளுக்குரிய காவல். மீட்டும் வாங்கவியலாத பொருளுக்குக் காவல் ஒன்றே: அதனை வண்டியில் விடாது உடன் கொண்டு செல்லுதலும், புறப்படுமுன் படியெடுத்து வீட்டில் வைத்தலும். காவலின் அளவை விலை கொண்டு வரையற்க. மீளப்பெறக் கூடுமோ என்பது கொண்டு வரைக.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு, களவுக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கின்றது. ஆயினும் பொருளின் விலை 5,000 ரூபாய்க்குக் குறைவாயிருந்து, முதன்முறை குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவன் அப்பொருளையோ அதன் விலையையோ மீளக் கொடுப்பனேல், சமூகத் தொண்டே தண்டனை என்கின்றது. எம் ஏடு அவ்வரம்புக்குள் அடங்குவதே. பொருளாவது விலையாவது எனச் சட்டம் கூறினும், நாற்பது ரூபாயை வாங்கி யாம் யாது செய்வோம்? அவ்வேட்டை ஏதேனும் ஒரு திண்ணையில் அவன் வைத்துச் செல்வானாயின், அத்தொண்டும் அவனுக்கு வேண்டா என மனமார மொழிவோம்.

அடுத்த விடுமுறையில் எம் அத்தையிடம் சென்று, அவருக்கு நினைவுள்ள பாடல்களை எழுதத் தொடங்கியிருக்கின்றோம். இதுவரை பதினொன்று கிடைத்தன. ஒவ்வொரு பக்கத்தையும் எழுதிய அன்றிரவே படமெடுத்து வைக்கின்றோம்.